வேலியோர நொச்சி



சிங்கப்பூரில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது தம் தாயாருக்கென்று ஒரு சிறு பொட்டலம் வாங்கி வந்திருந்தார். தாயாருக்கு நெடுநாளாகத் தலைநோவு. அங்குள்ள சீன மருந்துக் கடையில் கேட்டபோது இதைக் கொடுத்தார்களாம். பிரித்துப் பார்த்தால், மிளகைப் போன்ற உருண்டைகள். சாம்பல் பூத்த கருநிறக் காய்கள். பொட்டலத்தின் மேல் சீன எழுத்துகள். அவற்றின் கீழே, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால்தான் தெரியுமாறு, இரண்டு இலத்தீன் சொற்கள்: 'ஃப்ருக்துஸ் வீத்திசிஸ்'.

குருமடத்தில் பயின்ற இலத்தீன் இப்படியெல்லாம் பயன்படும் என்று எங்கள் பேராசிரியர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். 'வைடெக்ஸின் கனி' என்பது அதன் பொருள். வைடெக்ஸ் என்பது நொச்சிப் பேரினத்துக்குத் தாவர நூலார் வழங்கும் பெயர். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவருடைய முகம் வாடிவிட்டது. "நம்ம வேலியில நிக்கிற நொச்சியா சாமி? இதுக்கா இவன் வெள்ளிக்காசைக் கொட்டிக் கொடுத்தான்?" என்றார்.

சரியாகச் சொல்லப்போனால், பொட்டலத்தில் இருந்தது நம் வேலி நொச்சியன்று. அதன் ஒன்றுவிட்ட உடன்பிறப்பு. நம்மூரில் நீர்நொச்சி என்று வழங்கும் மூவிலைச் செடியும், கடற்கரை மணலில் படர்ந்து வளரும் மற்றொரு வகையுமே சீனர் தலைநோவுக்கும் சளிக்கும் கண்சிவப்புக்கும் கொடுக்கும் அக்காய்களைத் தருகின்றன. 'மான் ஜிங் ட்சு' என்பது அங்கே அதன் பெயர். சீனரின் மிகப் பழைய மூலிகை நூலிலேயே அது இடம்பெற்றுவிட்டது. நம் வேலியில் நிற்கும் ஐந்திலை நொச்சியும் அவர்களுக்குப் புதிதன்று. அதன் நெருங்கிய வகையொன்றின் இலையையும், அந்த இலையிலிருந்து வடித்த எண்ணெயையும் இருமலுக்கும் கோழைக்கும் உரிய மருந்துகளாகச் சீன அரசின் மருந்து நூல் இன்றும் ஏற்றுக்கொண்டுள்ளது. நம் பாட்டிமார் எதற்காக நொச்சி இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடித்தார்களோ, ஏறக்குறைய அதற்காகவே கடலுக்கு அப்பாலுள்ள பாட்டிமாரும் அதைத் தேடியிருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்றதாகத் தெரியவில்லை. மூக்கடைப்பு எல்லா நாட்டாருக்கும் பொதுவன்றோ!

வீட்டுச் செடியை நாம் மதிப்பதில்லை, வெளிநாட்டுப் பொட்டலத்தில் வந்தால் மதிக்கிறோம் என்று கடிந்துகொண்டு இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மையே. சென்ற சில ஆண்டுகளாக நம் பகுதியில் இதற்கு நேர்மாறான போக்கையும் காண்கிறேன். 'நொச்சி இருக்க மருத்துவர் எதற்கு?' என்று கேட்கும் வீடுகள் பெருகிவருகின்றன. நொச்சியைப் பற்றி எழுத நினைத்ததே அதனால்தான். முதலில் செடியைச் சற்று அறிந்துகொள்வோம்.

நொச்சி மரமும் அன்று, கொடியும் அன்று; புதர். ஆளுயரத்தையும் தாண்டி, இரண்டு மூன்று ஆள் உயரம் வரை வளரும். ஒரு காம்பில் விரித்த கைவிரல்களைப் போல ஐந்து இலைகள். சில காம்புகளில் மூன்று. மேற்புறம் பச்சை, அடிப்புறம் சாம்பல் வெண்மை. காற்றடிக்கும்போது செடி முழுவதும் சட்டென்று வெளுத்து மீண்டும் பசுமையாவது அதனால்தான். பழந்தமிழ்ப் புலவர்கள் இந்த இலையை மயிலின் காலடிக்கு ஒப்பிட்டார்கள். அடுத்த முறை காணும்போது உற்றுப் பாருங்கள். அந்த ஒப்புமை எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும். பூக்கள் கொத்தாகப் பூக்கும். நீலமும் ஊதாவும் கலந்த சின்னஞ்சிறு பூக்கள். கசக்கினால் காரமான ஒரு மணம். அந்த மணத்தாலேயே ஆடுமாடுகள் அதில் வாய் வைப்பதில்லை. ஆகவேதான் அது வேலிக்கு உகந்த செடியாயிற்று. ஏரிக்கரைகளும் ஆற்றோரங்களும் அதற்குப் பிடித்த இடங்கள். முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கங்களில் வயல்கள் மனைகளாகி, வேலிகள் மதில்களான பின்னர், நம் பிள்ளைகளில் பலர் நொச்சியைப் பெயரளவில் மட்டுமே அறிவர்.

பண்டைத் தமிழர் போரில் கோட்டையை முற்றுகையிடுவோர் உழிஞை சூடினர். உள்ளிருந்து மதிலைக் காப்போர் நொச்சி சூடினர். காவலுக்கே நொச்சி என்று பெயர் வந்துவிட்டது. அதே நொச்சித் தழையை இளம்பெண்கள் இடையில் அணிந்து அழகு பார்த்ததையும், அதே நொச்சியை மதில் காக்கும் வீரன் தலையில் சூடி நின்றதையும் புறநானூற்றுப் புலவர்கள் அருகருகே வைத்துப் பாடியிருக்கிறார்கள். வேலியில் நின்று வீட்டைக் காக்கும் செடி, மதிலில் நிற்பவனின் தலைக்கும் ஏறியது.

சீனத்தில் இந்தச் செடிக்கு நேர்ந்த பெருமை வேறு விதமானது. அங்கே 'ஜிங்' என்று வழங்கும் இதன் குச்சிகள் வளையும், முறியா. ஆகவே அடிக்கும் பிரம்பாகப் பயன்பட்டன. ஏழைப் பெண்கள் தங்கக் கொண்டையூசி வாங்க வழியின்றி நொச்சிக் குச்சியைச் செருகிக்கொண்டார்கள். பிற்காலத்தில், ஒரு கணவன் தன் மனைவியைப் பிறரிடம் அடக்கத்தோடு குறிப்பிடும்போது 'என் எளிய நொச்சி' என்று சொல்லுமளவுக்கு அந்தச் சொல் வளர்ந்தது. நம் வீட்டுத் தலைவியர் இதை எப்படி ஏற்பார்களோ, அறியேன்.

பிரம்பைப் பற்றிய ஒரு வரலாற்றை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன்பு, ஜாவ் என்னும் நாட்டில் லியென் போ என்றொரு படைத்தளபதி இருந்தார். போர்க்களத்தில் பல வெற்றிகளைக் கண்டவர். அதே அரசவையில் லின் சியாங்ரு என்பவர், எளிய நிலையிலிருந்து வந்து, பகை நாடான சின் நாட்டு அரசனிடம் அஞ்சாமல் வாதாடித் தம் அரசனின் மானத்தைக் காத்தார். அதனால் மகிழ்ந்த அரசன் தளபதிக்கும் மேலான பதவியை அவருக்கு அளித்தான். தளபதியின் உள்ளம் கொதித்தது. 'நான் வாளால் வென்றேன். இவனோ நாவால் மட்டும் வென்றான். இவனுக்குக் கீழே நான் நிற்பதா? எங்கே கண்டாலும் அவமதிப்பேன்' என்று ஊரறியச் சொன்னார்.

லின் சியாங்ரு என்ன செய்தார்? தளபதியின் தேர் எதிரே வருவது தெரிந்தால் தம் தேரைச் சந்துக்குள் திருப்பிவிடுவார். உடல்நலமில்லை என்று சொல்லி அவைக்குப் போகாமலும் இருந்துவிடுவார். அவருடைய ஆட்களுக்கே வெட்கமாகிவிட்டது. 'இப்படி அஞ்சி ஒளிபவரிடம் எங்களால் பணிசெய்ய இயலாது' என்றார்கள். அதற்கு அவர், 'சின் நாட்டு அரசனுக்கே அஞ்சாத நான் நம் தளபதிக்கா அஞ்சுவேன்? நாங்கள் இருவரும் இருப்பதால்தான் அந்நாடு நம்மீது படையெடுக்கத் தயங்குகிறது. இரண்டு புலிகள் தங்களுக்குள் சண்டையிட்டால் ஒன்றாவது மடியும். நாட்டின் நலத்தை முன்னும் என் மானத்தைப் பின்னும் வைக்கிறேன்' என்ற கருத்தில் விடையிறுத்தார்.

இது தளபதியின் காதுக்கு எட்டியது. அவர் மேலாடையைக் களைந்தார். வெற்று முதுகில் நொச்சிப் பிரம்புகளைக் கட்டிச் சுமந்துகொண்டு, லின் சியாங்ருவின் வாயிலில் போய் நின்று மன்னிப்பு வேண்டினார். 'இந்தப் பிரம்புகளாலேயே என்னை அடியும்' என்பது அந்தச் சுமையின் பொருள். அடி விழவில்லை, இருவரும் உயிர் நண்பர்களானார்கள். சிமா சியென் என்னும் சீன வரலாற்றாசிரியர் எழுதிவைத்த இந்நிகழ்ச்சியிலிருந்து, 'நொச்சி சுமந்து மன்னிப்புக் கேட்டல்' என்பது ஒரு மரபுத்தொடராயிற்று. இன்றும் சீனர் மனமார மன்னிப்புக் கோருவதை அப்படியே சொல்கிறார்கள். மேலைநாட்டு மொழிகளில் சிலர் இதை 'முட்கிளை' என்று பெயர்த்துவிட்டார்கள். நொச்சிக்கு ஏது முள்? செடியைக் கண்ணால் காணாதவர் செய்த மொழிபெயர்ப்பு அது. வடசீனத்தில் தேனீ வளர்ப்போர் இன்றும் பேரளவில் எடுப்பதும் இந்த நொச்சிப்பூத் தேனையே.

ஐரோப்பாவில் இதன் மற்றொரு உறவினர் உண்டு. அதன் இலத்தீன் பெயர் 'வைடெக்ஸ் ஆக்னுஸ் காஸ்துஸ்'. திருப்பலியில் 'ஆக்னுஸ் தேயி' பாடிப் பழகிய மூத்தவர்களுக்கு 'ஆக்னுஸ்' என்றால் செம்மறி என்பது தெரியும். 'காஸ்துஸ்' என்றால் கற்புள்ள என்று பொருள். செடிக்கும் செம்மறிக்கும் என்ன தொடர்பு? கிரேக்கர் அந்தச் செடியை 'அக்னோஸ்' என்றார்கள். அவர்கள் மொழியில் தூய்மையைக் குறிக்கும் சொல்லும் அதே ஓசையுடையது. இலத்தீனில் செம்மறியைக் குறிக்கும் சொல்லும் அதைப் போன்றதே. மூன்றும் குழம்பி ஒரு செடிக்கு இந்தத் திருப்பெயர் வாய்த்தது. அதன் காய் சிற்றின்ப நாட்டத்தைத் தணிக்கும் என்று நம்பி, மடங்களில் துறவியர் அதை மிளகுக்குப் பதிலாக உணவில் சேர்த்தார்கள் என்பர். 'துறவியர் மிளகு' என்றே ஜெர்மானியர் இன்றும் அதை அழைக்கிறார்கள். எங்கள் குருமடச் சமையலறையில் அது இருந்ததாக நினைவில்லை. அங்கே மிளகே அரிதாகத்தான் கண்ணில் படும்.

'வைடெக்ஸ்' என்னும் சொல்லே பின்னுதல், முடைதல் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது என்பர். உரோமையர் அதன் வளைந்த குச்சிகளால் கூடை முடைந்தார்கள். நம் கிராமங்களிலும் நொச்சிக் குச்சியால் கூடை முடைந்தார்கள். ஒரே குச்சி, ஒரே தொழில்.

இந்த நாடுகளின் செடிகளை நூலேற்றியதில் நம் திருச்சபைத் துறவியருக்குப் பங்குண்டு. போலந்து நாட்டுச் சேசு சபைக் குரு மிக்கேல் போய்ம் 1656-இல் வியன்னாவில் வெளியிட்ட சிறு நூல், சீனத்தின் செடிகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று. மலையாளக் கரையில் டச்சுக்காரர் தொகுத்து 1678 முதல் வெளியிட்ட 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலுக்குத் தொடக்கத்தில் துணைநின்றவர் மத்தேயு என்னும் கார்மேல் சபைத் துறவி. அந்நூலில் நொச்சி தன் சொந்தப் பெயருடனேயே இடம்பெற்றுள்ளது. நம் காலத்திலும், திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் ராபினட் தாவரக் காப்பகத்தை உருவாக்கிய சேசு சபைக் குரு கே. எம். மத்தேயு, தமிழகச் சமவெளியின் செடிகளைக் காடுமேடெல்லாம் நடந்து தொகுத்து, 1980-களில் பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். செடியைச் சரியாக அடையாளம் காண்பது மருத்துவத்தின் முதல் படி என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனி, நம் வீட்டுக்கு வருவோம். நொச்சியால் உண்மையில் ஆவது என்ன?

சளி பிடித்து மூக்கடைத்திருக்கும்போது நொச்சி இலை போட்ட வெந்நீரின் ஆவி இதம் தரும். அந்த இதத்தில் வெந்நீரின் பங்கு எவ்வளவு, இலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் சேர்ந்து நன்மை செய்தால் வழக்குத் தொடுப்பானேன்? உலர்ந்த இலையைத் திணித்த தலையணையைத் தலைபாரத்துக்கு வைத்துக்கொள்வார்கள். இலையிட்டுக் காய்ச்சிய எண்ணெயை மூட்டுவலிக்குத் தேய்ப்பார்கள். காய்ச்சல் விட்டபின்னும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் நொச்சித் தழை போட்ட வெந்நீரில் குளிக்கச் செய்வார்கள். நெல்லும் பயறும் சேமிக்கும் குதிரில் காய்ந்த இலையைப் போட்டுவைத்தால் வண்டு அணுகாது; என் தாயார் கடைசிவரை இதைச் செய்துவந்தார். வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் பொருள்கள் இலையில் இருப்பதை ஆய்வுக்கூடத்தில் எலிகளைக் கொண்டு செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. மனிதரிடம் முறையாகச் செய்த ஆய்வுகள் மிகக் குறைவு. ஆகவே, வெளிப்பூச்சாகவும் ஆவியாகவும் பயன்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளுக்கு அருந்துவது தகுதி பெற்ற சித்த மருத்துவர் சொன்னால் மட்டுமே. கருவுற்ற தாய்மார் உள்ளுக்கு எடுக்கவே வேண்டாம்.

கொசுவைப் பற்றிக் கேட்கிறீர்கள். 2014-ஆம் ஆண்டளவில் சென்னை மாநகராட்சி நீர்வழிகளின் ஓரத்திலுள்ள வீடுகளுக்கு நொச்சிக் கன்றுகளை வழங்கியது நினைவிருக்கும். இலையைப் புகைத்தால் கொசு விலகும். இலைச் சாறு கொசுப் புழுக்களைக் கொல்வதையும் ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் கன்றை நட்டுவிட்டு அதன் நிழலிலேயே பழைய டயரில் மழைநீரைத் தேங்கவிட்டால், டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும். நின்றுகொண்டிருக்கும் செடி எந்தக் கொசுவையும் துரத்துவதில்லை. நம் பங்கில் ஒரு வீட்டில் நொச்சித் தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய நீரிலேயே புழு நெளிந்ததைச் சுகாதாரப் பணியாளர் எடுத்துக் காட்டினார்.

கொள்ளைநோய்க் காலத்தில் நொச்சிக்கு வந்த வாழ்வும் உங்களுக்குத் தெரியும். சந்தையில் ஒரு கட்டுத் தழை என்ன விலைக்கு விற்றது! பொது இடங்களில் குழாய் வைத்து வரிசையாக ஆவி பிடிக்கச் செய்தார்கள். ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் இழுக்கும் அந்த ஏற்பாடு நோயைப் பரப்பும் என்று 2021 மே மாதத்தில் அமைச்சரே எச்சரிக்க வேண்டியதாயிற்று.

ஆனால் என்னைக் கவலைகொள்ளச் செய்வது கொசுவோ கொள்ளைநோயோ அன்று, இருமல்.

நம் பகுதியில் ஓர் இரயில் நிலையத்துக்கே 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. டேவிட் சவுரிமுத்து என்னும் தமிழ் மருத்துவர் இங்கிலாந்தில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர். கணித மேதை இராமானுசன் 1917-இல் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். அந்த மருத்துவர் தாயகம் திரும்பி, 1928-இல் தாம்பரத்தில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு காசநோய் இல்லத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றது. அதுவே இன்றைய அரசு நெஞ்சக மருத்துவமனை. மேலைநாட்டு மருத்துவம் பயின்ற அவர், இந்தியாவின் பழைய மருத்துவத்தின் தொன்மையைப் பற்றியும் ஒரு நூல் எழுதியிருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் காசத்துக்கு மருந்தில்லை. தூய காற்று, நல்ல உணவு, ஓய்வு — இவை மட்டுமே. பலர் பிழைக்கவில்லை.

மருந்துகள் 1940-களில் வந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு உலகத்தின் கண்களைத் திறந்தது. நெரிசலான ஏழை வீடுகளில் இருந்துகொண்டே மாத்திரை உட்கொண்டவர்களும், சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் மருந்து பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள் என்று 1959-இல் வெளியான அதன் முடிவு காட்டியது. குணமாக்கியது மருந்து, காற்றன்று. அதன்பின் உலகெங்கும் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தும் முறை பரவிற்று.

இன்று அந்த நெஞ்சக மருத்துவமனைக்கு அருகிலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நிற்கிறது. 2005 செப்டம்பரில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அதைத் திறந்துவைத்தார். ஒரே பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, இரு மருத்துவமனைகளுக்கும் நடந்தே போகலாம். இந்த வாய்ப்பு எத்தனை ஊர்களுக்கு உண்டு? ஆனால் நம் மக்களில் சிலர் இரண்டுக்கும் போவதில்லை, வேலிக்குப் போகிறார்கள்.

வண்ணம் பூசும் தொழில் செய்யும் ஓர் இளைஞரை எண்ணிக்கொண்டே இதை எழுதுகிறேன். மூன்று மாதமாக இருமல். சுவரைச் சுரண்டும்போது கிளம்பும் தூசு என்று அவர் நினைத்தார்; குளிர் என்று தாயார் நினைத்தார். மாலைதோறும் நொச்சி இலையைக் கொதிக்க வைத்து, போர்வையால் மூடி, ஆவி பிடிக்கச் செய்தார். பிடித்தவுடன் நெஞ்சு இளகும். அன்றிரவு ஓரளவு உறங்குவார். அந்த ஓரிரவு உறக்கம்தான் அவரை ஏமாற்றியது. மாலையில் இளங்காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் வியர்வை. 'ஆவி பிடித்தால் சரியாகிறதே, சாமி' என்றார் தாயார். சரியாகவில்லை, அடங்கி அடங்கி எழுந்தது. வீட்டில் ஒரே அறை. அதில் அவர், மனைவி, நான்கு வயதுக் குழந்தை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம்; 'நெஞ்சக மருத்துவமனைக்குப் போனான் என்று தெரிந்தால் யார் பெண் கேட்பார்கள்?' என்ற அச்சம் வேறு. அன்பியக் கூட்டத்தில் அவர் இருமியதைக் கேட்ட ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், மறுநாளே கையைப் பிடித்து அழைத்துப் போனார். சளிச் சோதனையில் காசம் என்று தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரை. விடாமல் உட்கொண்டு முழுக்கக் குணமடைந்தார். குழந்தைக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். தங்கையின் திருமணத்தை நானே நிறைவேற்றி வைத்தேன்.

அந்தத் தாயாரை நான் குறை கூறமாட்டேன். தாம் அறிந்த அன்பைச் செய்தார். நொச்சியையும் குறை கூறமாட்டேன். அது தன்னால் இயன்ற இதத்தைத் தந்தது. ஆனால் நோய் தெரியாத இடத்தில் இதம் மட்டும் கிடைப்பது, கள்வன் உள்ளே இருக்கும்போது வாயிலில் காவல் வைப்பதற்கு ஒப்பானது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், ஆவி பிடித்து அடங்கினாலும் அடங்காவிட்டாலும், சளிச் சோதனை செய்துகொள்ளுங்கள். சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சை நடக்கும் காலத்தில் சத்துணவுக்கென மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டம் 2018-இல் தொடங்கியது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாக உயர்ந்தது. இருமல் குறைந்துவிட்டது என்று மாத்திரையை இரண்டாம் மாதத்தில் நிறுத்துவோர் உண்டு. அது இன்னும் கேடு. நோய் மருந்துக்கு அடங்காத வடிவெடுத்துத் திரும்பும்.

சித்த மருத்துவர்களும் இதையே சொல்கிறார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். முறையாகப் பயின்ற சித்த மருத்துவர் எவரும் காசநோயாளியை நொச்சியோடு வீட்டுக்கு அனுப்பமாட்டார். கெடுப்பவர்கள், கைப்பேசியில் வரும் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு மருத்துவம் செய்துவிட்டதாக நினைப்பவர்களே. சீராக்கின் ஞான நூலில் 38-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். மண்ணில் விளையும் மருந்தும், அதை அறிந்து கொடுக்கும் மருத்துவரும் அங்கே ஒன்றாகவே போற்றப்படுகிறார்கள். ஒன்றை வைத்து மற்றதை ஒதுக்கும் பேச்சே இல்லை.

சீனர் தங்கள் மூலிகைகளைக் கும்பிட்டு நிறுத்திவிடவில்லை, சோதித்தார்கள். து யூயூ என்னும் அம்மையார் ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முந்திய ஒரு நூற்குறிப்பைப் பின்பற்றி, ஒரு பூண்டைக் கொதிக்க வைக்காமல் குறைந்த வெப்பத்தில் பிழிந்தெடுத்து, 1970-களில் மலேரியாவுக்கு அரிய மருந்தைக் கண்டார். 2015-இல் நோபல் பரிசு பெற்றார். நம் வேலியிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. நொச்சிக்குப் பக்கத்திலேயே நிற்கும் ஆடாதோடையின் சாரத்தை வேதியியலார் ஆராய்ந்து மாற்றியமைத்ததில் பிறந்தவையே, இன்று மருந்துக்கடையில் கோழையை இளக்க விற்கும் புரோம்ஹெக்சினும் அம்ப்ராக்சாலும். நீங்கள் வாங்கும் இருமல் மருந்துப் புட்டியின் சீட்டைப் பாருங்கள். அந்தப் பெயர்களில் ஒன்று அநேகமாக இருக்கும்.

ஆவி பிடிப்போர் கவனிக்க வேண்டியவை சில. பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் அசையாமல் வைத்தபின் குனியுங்கள். அடுப்பின் மேலேயே தலையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் போதும். சிறு குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வைக்கவே வேண்டாம். வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளை மருத்துவமனையில் கண்டிருக்கிறேன். இழுப்பு நோயுள்ளவர்களுக்குக் கார மணம் மூச்சைத் திணறச் செய்யலாம்.

நொச்சி நட விரும்புவோருக்கு விதை தேவையில்லை. விரல் பருமனுள்ள முற்றிய குச்சியை ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்குமாறு சாய்வாக ஊன்றினால், மழைக்காலத்தில் சில வாரங்களில் துளிர்க்கும். கழிவுநீர் தேங்கும் இடத்தில் வேண்டாம்; தொட்டியில் வைத்தால் அடித்தட்டை வாரத்துக்கு ஒருமுறை கவிழ்த்து உலர்த்துங்கள். நம் ஆலயத்தின் பின்வேலியில் நன்கு முற்றிய கிளைகள் இருக்கின்றன. ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். கத்தி கொண்டு வாருங்கள். கையால் ஒடித்தால் பட்டை உரிந்து தாய்ச்செடி கெட்டுவிடுகிறது.